படகில் வழுக்காத ஷூ தேடி ஒரகடம் வரை

பாய்மரப் படகு ஓட்டப் பழகப் போகிறேன், காலில் எதைப் போட்டுக்கொள்வது என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் எனக்கு எழுதிக் கேட்டுவிட்டார்கள். இன்று கைபேசியைத் தட்டினால் வாசலுக்கே ஷூ வந்துவிடுகிறது. அப்படியும் தப்பானதை வாங்கிவிட்டு, "மேடம், வழுக்குது" என்று மறுபடி எழுதுகிறார்கள். 1991 பிப்ரவரியில் ஒரே ஒரு ஜோடிக்காக ஒரு நாள் விடுப்பையும் இருந்த பொறுமை மொத்தத்தையும் நான் செலவழித்தேன். அந்தப் பயணத்தை எழுதிவிட்டால், ஒரு ஷூவில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் தானாக வந்துவிடும்.

அப்போது நான் மெட்ராஸில் ஒரு வங்கியில் கிளார்க். துறைமுகத்துக்குள் இருந்த ஒரு சின்ன படகுக் கழகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் படகு ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். என் ஜோடி ஹெலன் அக்கா. ராயபுரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்களுடையது பதினான்கு அடிப் படகு. அவர் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பார், நான் முன்பாயின் கயிற்றைப் பிடிப்பேன். காற்றுக்குத் தகுந்தபடி படகு திரும்பும்போது நான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே தாவாகத் தாவ வேண்டும். ஈரமான தளம். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. ஒரு ஞாயிறு காலை தாவும்போது என் கால் சர்ரென்று போய்விட்டது. கயிறு கையை விட்டது, படகு ஆடியது, பாயின் கீழ்க்கட்டை சுழன்று வந்து ஹெலன் அக்காவின் புருவத்தில் அடித்தது. மூன்று தையல்.

அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. கழகச் செயலாளர் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. அடுத்த வாரப் போட்டியில் முதல்முறையாக ஒரு படகைப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். "சனிக்கிழமை காலை உங்கள் காலணியை நானே சோதித்துப் பார்ப்பேன். வழுக்கினால் அந்தப் படகைக் கல்லூரிப் பையன்களுக்குக் கொடுத்துவிடுவேன்" என்றார். அவர்மீது கோபம் வந்தது. அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாததால் இன்னும் அதிகமாக வந்தது.

மெட்ராஸ் கடைகளில் ஏறி இறங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகுக்கான ஷூ என்று கேட்டால் ஒரு கடையில் மழைக்காலத்து ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்தார்கள். இன்னொரு கடையில் என் காலில் இருந்த அதே கேன்வாஸ் ஷூவைக் காட்டி, "கப்பல்ல போறவங்க எல்லாம் இதான் மேடம் வாங்கறாங்க" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர்தான், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வெளிநாட்டுக்குப் படகு ஷூ செய்கிறார்கள் என்றார். பெயர் தெரியாது, ஊரும் சரியாகத் தெரியாது. "அங்க போய்க் கேட்டா யாரும் சொல்லுவாங்க."

யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 6.40க்குப் பாரிமுனையில் பஸ் ஏறினோம். ஸ்ரீபெரும்புதூர் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் நாலரை ரூபாய். ரயில் கிடையாது, பஸ்தான் கதி. பூந்தமல்லியில் டிரைவர் டிபன் சாப்பிட இறங்கினார். இருபத்தைந்து நிமிடம் கழித்து அவர் வந்தபோது கண்டக்டரைக் காணவில்லை. கண்டக்டர் வந்ததும் ஷூ கம்பெனிக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்காமல், "தண்டலம். நானே எறக்கி வுடறேன்" என்றார். சொன்ன சொல் தவறாமல் இறக்கியும் விட்டார்.

தண்டலம் நிறுத்தத்திலிருந்து வெயிலில் முக்கால் கிலோமீட்டர் நடந்தோம். ஒரு கொட்டகை. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் அட்டையை மடித்துப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். மேஜையில் இருந்த கணக்கர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஷூவா? இங்க ஷூ டப்பாதான் செய்யறோம்."

ஹெலன் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "டப்பாவ யாருங்க காலுல மாட்டிக்கறது?"

"அத என்னக் கேட்டா? டப்பா போற எடம் ஒரகடம். பெரும்புதூர் போயி, செங்கல்பட்டு பஸ்ஸ புடிங்க."

அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றோம். நாங்கள் இறங்கிய பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால் ஸ்ரீபெரும்புதூரில் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருப்போம். 10.15க்கு ஸ்ரீபெரும்புதூர். ஒரகடம் வழியாகப் போகும் பஸ் 11.05க்குத்தான் கிளம்பியது. பன்னிரண்டு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். இன்று கார்த் தொழிற்சாலைகளும் கம்பெனி பஸ்களுமாக இருக்கும் அந்தச் சாலையின் இருபுறமும் அன்று வேர்க்கடலையும் கருவேலமும்தான். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, டீக்கடையில் கேட்டு, ஒன்றரை கிலோமீட்டர் நடந்து கம்பெனி கேட்டை அடைந்தபோது மணி பன்னிரண்டு.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான ஷெட். கேட்டில் வாட்ச்மேன்.

"வேலைக்கா? இன்னிக்கு ஆள் எடுக்கல. திங்கக்கெழம வாங்க."

"வேலைக்கு இல்லைங்க, ஒரு ஜோடி ஷூ வாங்கணும்" என்றேன்.

"ஷூ வாங்க இங்க இன்னாத்துக்கு வந்தீங்க? கடைக்குப் போங்க."

அன்று காலை முழுக்க ஹெலன் அக்கா அடக்கிவைத்திருந்தது அந்த வாட்ச்மேன் தலையில் இறங்கியது. அவர் பள்ளி மைதானத்தில் விசில் இல்லாமலேயே இருநூறு பிள்ளைகளை நிறுத்துகிறவர். சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும், பளபளவென்று பாலிஷ் போட்ட தோல் ஷூ. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகவே கேட்டார்.

"மேடம், இதெல்லாம் வெளிநாட்டு ஆர்டர். ஒரு ஜோடி இங்க வெளியில வித்தோம்னு தெரிஞ்சா அங்க வாங்கற பையர் ஆர்டரையே கேன்சல் பண்ணிடுவான்."

"கழித்துப் போட்டது ஏதாவது இருக்குமே?"

"ரிஜெக்டா? அத வெட்டிடுவோம்" என்று ஷெட்டின் பக்கவாட்டைக் காட்டினார்.

சுவரோரம் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். முன்னால் ஷூக்கள் குவியலாகக் கிடந்தன. நான் நாலு நாளாகத் தேடிய அதே ஷூ. வெள்ளை அடிப்பாகம், நீலத்துணி மேல்பாகம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, மேல்பாகத்தில் கத்தியை வைத்து ஒரே இழுப்பாகக் கிழித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். "இதுல இன்னா கொற?" என்று அக்கா கேட்டார். தையல் ஒரு நூல் கோணலாம்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. சூப்பர்வைசர் உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே இருந்த அடிபம்பில் கை கழுவ வந்தாள். பெயர் தேவகி. ஹெலன் அக்கா நேராக அவளிடம் போனார்.

"யம்மா, ஒரே ஒரு ஜோடி. வெட்டாம எடுத்துக் குடு. நூறு ரூபா தர்றேன்."

தேவகி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். "எனக்கு மாசம் நானூறு ரூபா சம்பளம். ஒரு நூறு ரூபாய்க்கு அத வுடச் சொல்றியா? உன் பையில ஷூ கீதுன்னு தெரிஞ்சா மொதல்ல என்னத்தான் வெளிய தள்ளுவாங்க. உன் படகா வந்து என் வூட்டுக்குச் சோறு போடும்?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நோட்டை மடித்துப் பையில் வைத்தார். "தப்புதாம்மா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காசைக் காட்டியது அக்கா என்றாலும், அவர் காட்டும்போது தடுக்காமல் நின்றது நான். அவள் சரி என்றுவிடக் கூடாதா என்று உள்ளே நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அக்காவின் புருவத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். தேவகி கிட்டே வந்து தையலை உற்றுப் பார்த்தாள்.

"உன்னாலயா?"

"என் கால் வழுக்கினதால."

"இங்கயும் அதான்" என்றாள். "ரப்பர் அடிய கழுவுற எடம், எப்பவும் தண்ணியாத்தான் கீது. போன மாசம் எங்க ஆளு ஒருத்தி வழுக்கி வுழுந்து, அடிய அமுக்கி ஒட்டுற சூட்டு பிரஸ்ஸுல கைய வெச்சுட்டா. உள்ளங்கை வெந்துபோச்சு. எங்க காலப் பாரு." ஹவாய் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து தாள்போல ஆகியிருந்தது. "நாள் பூரா வழுக்காத ஷூ செஞ்சுகினு, வழுக்குற செருப்பப் போட்டுகினு நடக்கறோம்."

பிறகு அவள் என் கேன்வாஸ் ஷூ ஒன்றைக் கழற்றச் சொன்னாள். அடிபம்பின் ஈரமான சிமெண்ட் மேடையில் அதை வைத்து, உள்ளே கையை விட்டு அழுத்தி முன்னால் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. உள்ளே போய் சாக்கிலிருந்து வெட்டிய ஷூ ஒன்றை, வாட்ச்மேனிடம் காட்டிவிட்டே எடுத்து வந்து, அதேபோல் தள்ளினாள். அது நகரவே இல்லை. அடிப்பாகத்தை வளைத்துக் காட்டினாள். மூடியிருந்த மெல்லிய அலைக்கீறல்கள் வாய் திறந்தன.

"கால் வெச்சா தண்ணி இந்த சந்துல பூந்துக்கும். அடி தரைய புடிச்சுக்கும். பெரிய பெரிய கட்டம் போட்டதப் பாத்து ஏமாறாத. அது சேத்துக்குத்தான். நகத்தால அமுக்கு, பள்ளம் வுழுந்து எழும்புதா? அப்ப ரப்பர் நல்லது."

"இந்த வெட்டினது எல்லாம் எங்க போகுது?" என்று கேட்டேன்.

"பெரும்புதூர்ல ஒரு அண்ணாச்சி எடைக்கு எடுத்துக்குவாரு. அங்க போயி வாங்கு, ஒருத்தரும் கேக்க முடியாது. மேலதான் வெட்டறோம். அடி அப்டியேதான் கீது."

அண்ணாச்சியின் கடை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்திலிருந்து இருநூறு அடி தூரம். நாங்கள் காலையில் அந்தக் கடையைத் தாண்டித்தான் ஒரகடம் பஸ் ஏறியிருக்கிறோம்.

பழைய இரும்புக் கடை அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். "சாக்கு அந்தா கெடக்கு, நீங்களே பாத்து எடுத்துக்கிடுங்க தாயி. கிலோ ஆறு ரூவா" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று சாக்கு. எல்லாம் ஆண்களுக்கான அளவு, எட்டு, ஒன்பது, பத்து. பெண்கள் படகில் ஏறுவார்கள் என்று அந்த வெளிநாட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது சாக்கின் அடியில்தான் சிறுவர்களுக்கான அளவுகள் இருந்தன. என் கால் நாலு, அக்காவுக்கு ஐந்து. ஐந்தில் ஒரு ஜோடி உடனே அகப்பட்டது. நாலில் வரிசையாக ஏழு இடது கால். ஏழு! வலது கால் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "ஏழும் எடதா? எடுத்துட்டுப் போங்க, தேஞ்சா மாத்திக்கிடலாம்லா" என்றார். சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை.

பஸ் நிலையத்து ஓரத்தில் இருந்த செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, கிழிந்ததைத் தைத்துத் தரச் சொன்னோம். அவர் முடியாது என்றார். "தையல் வெரலு மேல வந்து உக்காரும். ஈரத்துல அறுத்துடும். ரெண்டு பேரும் போட்டிருக்கற கேன்வாஸ் உங்க காலுக்குப் பழகினது. அதுல இந்த அடிய ஒட்டித் தெச்சுத் தர்றேன்." ஜோடிக்குப் பன்னிரண்டு ரூபாய். இரண்டு மணி நேரம் வெறும் காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பசை காய மறுநாள் வரை விடச் சொன்னார். ஆனால் வீட்டுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது? இரண்டு ஹவாய் செருப்பு வாங்கினோம், அது தனிச் செலவு. பாரிமுனை திரும்பும்போது இரவு ஏழரை. பஸ், ஷூ, தையல், செருப்பு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாற்பத்தெட்டு ரூபாய்.

மறுநாள் காலை செயலாளர் படகின் தளத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, எங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்து தடவை தாவ வைத்தார். பிறகு ஷூவைத் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு போட்டியில் ஒன்பது படகுகளில் நாங்கள் ஐந்தாவது. இரண்டாம் சுற்றில் தென்கிழக்கிலிருந்து ஒரு வலுவான காற்று அடித்தது. அக்கா, "கலா, இப்போ!" என்று கத்தினார். தாவினேன். கால் விழுந்த இடத்திலேயே நின்றது. கயிறு கையில் இருந்தது, படகு சரிந்து நிமிர்ந்தது. முதல் முறையாக நான் காலைப் பார்க்காமல் பாயைப் பார்த்தேன். திரும்பினால், அக்கா தையல் போட்ட புருவத்தை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இனி, எழுதிக் கேட்டவர்களுக்கு. அடி மெல்லிய கீறல்களோடு மிருதுவாக இருக்க வேண்டும். வாங்குமுன் ஈரத் தரையில் கையால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கறுப்பு அடி தளத்தில் கோடு போடும், வெளிர்நிறமே நல்லது. குதிகால் கழன்று வரக் கூடாது, கால்விரல்களுக்கு முன்னால் அரை விரல் இடம் இருக்க வேண்டும், உள்ளே தையல் எங்கும் உறுத்தக் கூடாது. உலர்ந்த காலோடு சரியாக இருப்பது நனைந்ததும் தளர்ந்துவிடும், அதனால் இறுக்கிக் கட்டும் கயிறு அவசியம். அந்த ஷூவோடு தெருவில் நடக்காதீர்கள். கீறல்களில் மணல் ஏறினால் எல்லாம் வீண். உப்புத் தண்ணீரில் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மார்ச் மாதம் நாங்கள் மறுபடி ஒரகடம் போனோம். அண்ணாச்சி கடையில் அடி வாங்கி, அதே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தேவகிக்காக ஒரு ஜோடி தைத்து எடுத்துக்கொண்டு போனோம். சாப்பாட்டு மணி நேரத்தில் அவளிடம் கொடுத்தோம். அவள் திருப்பி அடியைப் பார்த்தாள். சட்டென்று பையிலேயே திரும்ப வைத்தாள்.

"நல்ல மனசுதாங்க்கா. ஆனா இதப் போட்டுகினு கேட்ட தாண்டினா திருடின்னுவாங்க. அண்ணாச்சி கடையில வாங்கினதுன்னு யாரு நம்புவா?"

அதை யோசிக்காமல் போனதற்கு எங்கள்மேலேயே எரிச்சலாக வந்தது. முந்தின தடவை காசு, இந்த தடவை ஷூ. இரண்டு தடவையும் அவளிடம் எதையும் கேட்காமலேயே நீட்டியிருக்கிறோம். நான்தான் கேட்டேன்: "அப்ப நாங்க இன்னா செஞ்சா உனக்கு உதவும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "ரிஜெக்ட் ஷூவ உள்ள மட்டுமாச்சும் போட்டுக்க வுடச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட பேசுங்க. அந்தக் கழுவுற எடத்துல நடக்கற நாங்க ஆறு பேரும் மூணு தடவ சொல்லிட்டோம். பாத்து நடங்கன்றாரு. நீங்க சொன்னா காது குடுப்பாரு."

சூப்பர்வைசர் காது கொடுக்கவில்லை. உற்பத்தி, பையர், ஆர்டர் என்று ஆரம்பித்தார். ஹெலன் அக்கா பாதியில் நிறுத்தி, "சார், அந்தக் கழுவுற எடத்துல நீங்க ஒரு தடவ வேகமா நடந்து காட்டுங்க, நாங்க பேசாம போயிடறோம்" என்றார். வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. எங்களையும் உள்ளே கூட்டிப்போய், அந்த ஈரத்தரையில் விறைப்பாக நாலு எட்டு வைத்தார். ஐந்தாவதில் தோல் ஷூ வழுக்கிக் கால் பறந்தது. மேஜையை எட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. தேவகிதான் ஓடிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினாள். அவர் முகம் வெளுத்திருந்தது. தன் கை போய் நின்ற இடத்திலிருந்து சூட்டு பிரஸ் எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்த்தார். இரண்டடி கூட இல்லை. "மேல பேசிப் பாக்கறேன்" என்றார்.

ஏப்ரலில் வங்கி வேலையாகக் காஞ்சிபுரம் போய்த் திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினேன். ஷிப்ட் முடிந்து வந்த தேவகியைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். ரிஜெக்ட் ஷூவை உள்ளே மட்டும் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது, போகும்போது கேட்டில் கழற்றி வைத்துவிட வேண்டும் என்றாள்.

"எத்தனை ஜோடி குடுத்தாங்க?"

"ரெண்டு."

"ஆறு பேருக்கு ரெண்டா?" நான் கத்தியதில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மறுநாளே வந்து அந்த ஆளைக் கேட்கிறேன் என்றேன்.

தேவகி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரு, இரு. பிரஸ் பக்கத்துல நிக்கறவங்க ரெண்டு பேருதான். மொறை வெச்சுப் போட்டுக்கறோம். மீதி நாலு நாங்களே கேட்டு வாங்கிக்கறோம். இப்ப கேக்கத் தெரிஞ்சுபோச்சு."

அவள் பஸ் வந்துவிட்டது. படியில் தொங்கிக்கொண்டிருந்தவர்களை நகர்ந்து நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டே ஏறினாள்.